மணவறைக்காரர் செய்த எஞ்சின்

என் கணவருக்குப் பாரிசவாதம் வந்து மூன்று வருடமாகிறது. கை திரும்பிவிட்டது, பேச்சு திரும்பிவிட்டது, கோபம் ஒரு நாளும் போகவே இல்லை. இடது கால் மட்டும் இன்னும் முழுதாக வந்து சேரவில்லை. நடக்கிறார், படி ஏறுகிறார், வெள்ளவத்தைச் சந்தையில் மீன்காரரோடு நின்றபடியே அரை மணி நேரம் பேரம் பேசுகிறார். ஆனால் அந்தக் கால் எவ்வளவு அழுத்துகிறது, எப்போது விடுகிறது என்பது அவருக்கே சரியாகத் தெரிவதில்லை. அப்படிப்பட்ட காலை நம்பிக் கிளட்ச் மிதிக்க முடியாது.

அவரிடம் இருப்பதோ கிளட்ச் மிதிக்காமல் ஓர் அங்குலமும் நகராத கார். அறுபதுகளில் இங்கிலாந்தில் செய்த ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே பேர் இருக்கலாம். கூரையை மடித்துப் பின்னால் வைக்கலாம். மழை வந்தால் அதை விரித்து முடிப்பதற்குள் தாராளமாக நனையலாம். தேயிலைத் தோட்டத்துத் துரை ஒருவர் விட்டுப்போனதை மூன்றாம் கையாக வாங்கி, எங்கள் கலியாணத்துக்கு முன்பிருந்தே வைத்திருக்கிறார். பெண் பார்க்க வந்ததும் அதில்தான். என் அம்மா ஜன்னலால் எட்டிப் பார்த்துவிட்டு, "மாப்பிளைக்குக் காசு காணாமல் போட்டுதோ, காருக்கு மேல்பக்கத்தைக் காணேல்லை" என்றார். மாப்பிள்ளை அன்றைக்கு அழகாகத்தான் இருந்தார், தலைமயிர் மட்டும் காற்றில் எழும்பி நின்றது.

அவருக்குச் சுகமில்லாமல் போன பிறகு நான் கார் ஓட்டப் பழகினேன், அறுபத்தொரு வயதில். ஒரு சின்ன ஜப்பான் கார் வாங்கினோம், ஓட்டோமெட்டிக். காலி வீதியில் பஸ்காரர்கள் என்னைப் பார்த்து ஹோர்ன் அடிப்பார்கள், நானும் திருப்பி அடிப்பேன். வீட்டிலிருந்து கோயில் வரைக்கும் ஒரு வார்த்தை பேசாமல் பக்கத்தில் இருப்பார் என் கணவர். அவருடைய முகத்தைப் பார்த்தால் கோயிலுக்குப் போகிறவராகத் தெரியாது, பல்லுப் பிடுங்கப் போகிறவராகத் தெரியும்.

"வலது கால் நல்லாத்தானே இருக்கு. ஓட்டோமெட்டிக் எண்டால் நீங்கள் தாராளமாக ஓடலாம்" என்று டொக்டர் சொல்லி, சோதித்து, கடிதமும் எழுதித் தந்து ஒன்றரை வருடமாகிவிட்டது. சின்னக் காரின் சாவியை அன்றைக்கே நீட்டினேன். வாங்கவில்லை.

"இது காரே? சில்லுப் பூட்டின ஃப்ரிட்ஜ். நான் ஓடினால் என்ர காரைத்தான் ஓடுவன்."

அவருடைய காரை அவரால் ஓட்ட முடியாது, ஆகவே அவர் ஓட்டமாட்டார். முப்பத்திரண்டு வருடம் கணிதம் படிப்பித்தவளுக்கு இந்த நிறுவலில் எங்கே ஓட்டை என்று தெரியாதா? மனுசனுக்குப் பயம். காரைச் சாட்டிக்கொண்டு அதற்குப் பின்னால் ஒளிந்திருந்தார். அதை முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் பார்த்துக்கொண்டிருக்கவும் முடியவில்லை. முதலில் நுகேகொடையில் இருக்கும் சிநேகிதர் வீட்டுக்குப் போவது நின்றது. பிறகு ஹெந்தளைக் கடற்கரைக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் போவது நின்றது. பிறகு என்னோடு கோயிலுக்கு வருவதும் குறைந்து, பால்கனியில் இருந்து ரயில் எண்ணத் தொடங்கினார். இந்த மனுசன் இப்படியே அந்தக் கதிரையோடு ஒட்டிப்போய்விடுவாரோ என்று எனக்குப் பெரும் பயம்.

அதனால் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். அவருடைய காரைத்தான் ஓட்டுவாரென்றால், அவருடைய காரில் இருக்கிற கிளட்சை எடுத்துவிட வேண்டியதுதான்.

கொட்டாஞ்சேனையில் எங்களுடைய கராஜ்காரர் இருக்கிறார். இருபது வருடமாக இந்தக் காரைப் பார்ப்பவர். எல்லோரும் அவரைப் பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். விஷயத்தைச் சொன்னவுடன் கையிலிருந்த துணியால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு யோசித்தார்.

"இந்தப் பழைய எஞ்சினுக்குப் பின்னால ஓட்டோமெட்டிக் கியர்பாக்ஸ் பூட்ட ஏலாது மிஸ். எஞ்சினோட சேத்து மாத்தணும். ஜப்பான் எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒண்ணா, ஒரே துண்டா வரும். செய்யலாம். ஆனா சார் விடுவாரா?"

சார் விடவில்லை. நேரடியாக மாட்டேன் என்று சொல்லவும் இல்லை. ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு தடையாகக் கொண்டுவந்தார்.

"வாகனப் புத்தகத்தில எஞ்சின் நம்பர் இருக்கு. மாத்தினால் பொலிஸ் பிடிக்கும்" என்றார் முதலில். நான் மோட்டார் திணைக்களத்துக்குப் போய் ஒரு காலைப்பொழுது முழுவதும் வரிசையில் நின்றேன். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கேட்டேன். கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்த அலுவலர், "புளுவன் மிஸ்" என்றார், முடியும் என்று. எஞ்சின் வாங்கிய பத்திரமும் சுங்கப் பத்திரமும் இருந்தால் நம்பரை மாற்றி எழுதித் தருவார்களாம். என்ன கார் என்று கேட்டார், சொன்னேன். எழுந்து வந்து என்னுடைய கைத்தொலைபேசியில் படத்தைப் பார்த்தார். பக்கத்து மேசைக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினார். எனக்குப் பின்னால் நின்றவர்கள் சத்தம் போடத் தொடங்கின பிறகுதான் தொலைபேசியைத் திருப்பித் தந்தார்கள்.

"புது எஞ்சின் பாரம் கூட. முன்பக்கம் தாழ்ந்து போடும்" என்றார் அடுத்ததாக. பாஸைக் கேட்டேன். பழையது முழுக்க இரும்பு, புதியது அலுமினியம், உண்மையில் பாரம் குறையும் என்றார். வந்து சொன்னேன். "ம்" என்றார் என் கணவர், ரயிலைப் பார்த்தபடி.

மூன்றாவது தடை கொஞ்சம் நியாயமானது. இப்போது வருகிற கார்களில் முன்சில்லுதான் இழுக்கும், அதனால் எஞ்சின் குறுக்குவாட்டில் கிடக்கும். எங்களுடையது பின்சில்லு தள்ளுகிற கார். எஞ்சின் நீளவாட்டில் இருந்து, கியர்பாக்ஸ் இரண்டு ஆசனங்களுக்கும் நடுவே உள்ள மேட்டுக்குக் கீழால் போகவேண்டும். அப்படிப்பட்ட எஞ்சின் இப்போது எங்கே கிடைக்கும் என்று கேட்டார். கேட்டுவிட்டு, விளையாட்டில் வென்றவர் மாதிரிக் காலை நீட்டிக்கொண்டார்.

பஞ்சிகாவத்தையில் கிடைத்தது. ஜப்பானில் கார்களைப் பாதியாக வெட்டிக் கப்பலில் அனுப்புவார்கள், அந்தப் பாதிகளை அடுக்கி வைத்திருக்கும் கடைகள் அங்கே தெருத் தெருவாக இருக்கின்றன. நான்காவது கடையின் முதலாளி, நாங்கள் நானா என்று கூப்பிடும் ஒரு பெரிய மனிதர், ஒரு தார்ப்பாயைத் தூக்கிக் காட்டினார். நீளவாட்டு எஞ்சின், பின்னால் ஓட்டோமெட்டிக் கியர்பாக்ஸ், இரண்டும் சேர்ந்தபடியே.

"சாமான் வந்து மூணு கெழமைதான் மிஸ். நல்லா ஈக்கி. ஸ்டார்ட் பண்ணியும் காட்டுறேன். ஆனா எடுத்தா எடுத்ததுதான், திருப்பி வாங்க மாட்டேன். இப்பயே செல்லிட்டேன்."

அன்று பின்னேரம் இதைச் சொன்னபோது என் கணவர் காலை மடக்கிக்கொண்டு நிமிர்ந்து இருந்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்:

"இடம் காணாது, உள்ளுக்கு அடங்காது. கடுதாசியில எழுதின அளவை நம்பி என்ர காரில கை வைக்க விடமாட்டன். அதே அளவில ஒரு உருவம் செய்து, உள்ளுக்கு வச்சுக் காட்டும். பிறகு கதைப்பம்."

எஞ்சினுக்கு உருவம் செய்கிறவன் கொழும்பில் எங்கே இருக்கப்போகிறான் என்ற தைரியம் அவருக்கு. பாஸிடம் போய்ச் சொன்னேன், சிரித்துவிட்டார். "அதுக்கென்ன மிஸ், என் மச்சான் இருக்கான்."

பாஸுடைய மச்சான் கலியாண மணவறை அலங்காரம் செய்கிறவர். கராஜுக்கு இரண்டு வீடு தள்ளி அவருடைய வேலைத்தலம். டீவி பெட்டிக்குள் வைத்து வருமே, அந்த வெள்ளை ரெஜிபோமில்தான் எல்லாம் செய்வார். நான் போனபோது தும்பிக்கை இல்லாத இரண்டு யானைகளும், ஒரு மயிலும், சுவரில் சாய்த்த பத்துப் பன்னிரண்டு தூண்களும் நின்றன. மனிதரின் புருவம் வரைக்கும் வெள்ளைத் தூள்.

"எஞ்சின் செஞ்சதில்லம்மா" என்றார். "ஆனா போன வருஷம் ஒரு கல்யாணத்துக்குக் கப்பல் செஞ்சேன். மாப்பிள்ளைக்குக் கப்பல்ல வேலை. அப்ப எஞ்சினும் செய்யலாம்."

தையல் நாடாவோடு பஞ்சிகாவத்தைக்குத் திரும்பிப் போனேன். நான் அந்த எஞ்சினைச் சுற்றிச் சுற்றி அளப்பதைப் பார்த்து, "என்ன மிஸ், ப்ளவுஸா தைக்கப் போறீங்க?" என்றார் நானா. நீளம், உயரம், ஆகக்கூடிய அகலம், எல்லாவற்றையும் ஒற்றைக்கோட்டுக் கொப்பியில் எழுதினேன். பத்துப் படம் எடுத்தேன். கொண்டுபோய்க் கொடுத்தபோது மணவறைக்காரர் கொப்பியைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

"நடுவுல எப்படிம்மா? எங்க பெருக்குது, எங்க ஒடுங்குது?"

"அதெல்லாம் படத்தில இருக்கு. படத்தைப் பாத்துச் செய்யுங்கோ" என்றேன். அவசரத்தில் சொன்ன பதில். எந்த மாணவியாவது எனக்கு அப்படிப் பதில் எழுதியிருந்தால் சிவப்பு மையால் கோடு போட்டிருப்பேன்.

இதற்கிடையில் பழைய எஞ்சினைப் பாஸ் வெளியே எடுத்தார். "அளந்து பாக்கத்தான். திருப்பி வைக்கவேணும்" என்று நூறு முறை சொல்லிவிட்டுத்தான் என் கணவர் அனுமதித்தார். உருவம் தயார் என்று செய்தி வந்த அன்று, நான் சேலை மாற்றி வருவதற்கு முன்னமே அவர் சப்பாத்துப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். நான் அதைப் பார்த்த மாதிரிக் காட்டிக்கொள்ளவில்லை. காட்டினால் கழற்றிவிடுவார்.

கொட்டாஞ்சேனை ஒழுங்கையில் அந்த எஞ்சின் ஒரு முக்காலியில் வைக்கப்பட்டிருந்தது. என்ன சொல்ல! மணவறைக்காரர் ஒவ்வொரு ஆணியையும் செதுக்கியிருந்தார். பட்டிகளுக்குக் கறுப்பு, எஞ்சினுக்கு வெள்ளி, மேல்மூடிக்கு நல்ல தங்க நிறம். அந்தத் தங்க நிறம் எந்தக் கலியாணத்தில் மிஞ்சியதோ தெரியாது. ஒழுங்கைக்காரர் எல்லோரும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரு பெண் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து காட்டினாள்.

பாஸும் மச்சானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, பூ மாலையைப் போல் இலேசாகத் தூக்கி, காரின் முன்வாய்க்குள் இறக்கினார்கள். கியர்பாக்ஸின் வால் நடுமேட்டுக்குக் கீழே வழுக்கிக்கொண்டு போனது. எங்கும் முட்டவில்லை. பொனட்டை மூடினார் பாஸ். மூடியது. திறந்து, திரும்பவும் மூடினார். திரும்பவும் மூடியது. நான் என் கணவரைப் பார்த்தேன். அவரிடம் சொல்வதற்கு ஒரு தடையும் மிஞ்சியிருக்கவில்லை. சப்பாத்து நுனியையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு வெற்றி பெற்ற சந்தோஷம் வரவேண்டும், வரவில்லை. பாவமாக இருந்தது.

அப்போதுதான் கராஜின் உள்ளே நின்ற பள்ளிக்கூட வானின் சொந்தக்காரர் வந்து, பிள்ளைகளை ஏற்ற நேரமாகிவிட்டது, வழி விடுங்கள் என்றார். எங்கள் கார் வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. எஞ்சின் இல்லாத கார், தள்ளித்தான் வெளியே எடுக்கவேண்டும். பாஸ் ஒரு பக்கம், மச்சான் ஒரு பக்கம், வான்காரர் பின்னால், அவருக்குப் பக்கத்தில் சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு நான்.

"சார், சும்மா நிக்காம ஏறி ஸ்டியரிங்கப் பிடிங்க" என்று பாஸ் கத்தினார். யோசித்துச் சொன்னதில்லை, அவருக்கு ஆள் தேவைப்பட்டது. என் கணவரும் யோசிக்கவில்லை. ஏறி இருந்துவிட்டார்.

தள்ளினோம். கார் ஒழுங்கைக்கு வந்தது. அந்த ஒழுங்கை துறைமுகப் பக்கமாகச் சரிவது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்திருந்தும் ஒருவரும் அதைப் பற்றி நினைக்கவில்லை. பாஸின் கை வழுக்கியது, மச்சானின் செருப்பு கழன்றது. ஒரு கணத்தில் கார் எங்களை விட்டுவிட்டுத் தனியே போகத் தொடங்கியது.

"பிறேக்! பிறேக்கைப் பிடியுங்கோ!" என்று கத்தினேன். கீழேயிருந்து, பேக்கரிப் பாண் விற்கிற ஓட்டோ ஒன்று பாட்டுப் போட்டபடி ஏறி வந்தது. கார் அதைப் பார்த்து நேராகப் போனது. பிறகு மெல்ல, மிக அழகாக, இடது பக்கம் ஒதுங்கியது. ஓட்டோவுக்கும் ஒரு தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே நுழைந்தது. கார் அதற்குப் பிறகும் நிற்கவில்லை. நிறுத்த முடியாமல் இல்லை, அவர் நிறுத்தவில்லை. ஒழுங்கையின் அடி வரைக்கும் உருண்டு போய், ஒரு சில்லறைக் கடை வாசலில், மதிலுக்கு ஒரு முழம் விட்டுச் சமாந்தரமாக நின்றது. வலது காலால் பிறேக், இடது கையால் ஹாண்ட்பிறேக்.

நாங்கள் மூச்சு வாங்க ஓடிப் போனோம். பாண்காரரும் ஓட்டோவைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார், சத்தமே போடாமல் வருகிற இந்தக் கார் என்ன கார் என்று பார்க்க. எஞ்சின் இல்லையா மஹத்தயா என்று சிங்களத்தில் கேட்டார். என் கணவர் பொனட்டைத் திறந்து, தங்க மூடி போட்ட எஞ்சினைக் காட்டினார்.

"தியெனவா. சத்தே விதரய் நெத்தே" என்றார். இருக்கிறது, சத்தம்தான் இல்லை என்று.

பாண்காரர் சிரித்த சிரிப்பில் ஒழுங்கையே சிரித்தது. என் கணவர் சிரிக்கவில்லை. மறுபடி ஏறி, கதவைச் சாத்திக்கொண்டு, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தார். ஐந்து பேர் சேர்ந்து அவரை அப்படியே மேலே தள்ளிக்கொண்டு வந்தோம். ஒருவரும் அவரை இறங்கச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வருகிற வழி முழுக்க அவர் பேசினார். புது எஞ்சினுக்கு எந்த ரேடியேட்டர், பெட்ரோல் பம்ப்பை எங்கே வைப்பது, கியர் கோலுக்கு என்ன செய்வது. கோட்டை வரும் முன்பே எஞ்சினை வாங்கலாம் என்று சொல்லிவிட்டார். பம்பலப்பிட்டியில் நான் சிவப்பு விளக்கைத் தாண்டப் பார்த்ததற்கு ஏசினார். நான் ஓட்டுகிற காரில் இருந்து அவர் வாய் திறந்து ஏசியது அன்றைக்குத்தான் முதல் தடவை.

அடுத்த சனிக்கிழமை எஞ்சினை வாங்கப் போனோம். அவரைக் கூட்டிப்போகவில்லை, பஞ்சிகாவத்தை நெரிசலில் அவரால் நடக்க முடியாது. பாஸும் மணவறைக்காரரும் உருவத்தை ஓர் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். வாங்குவதற்கு முன் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கடைசியாக ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்பது பாஸுடைய யோசனை. நானாவின் கடையில் வேலை செய்கிறவர்கள் தங்க எஞ்சினைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். "இதக் குடுத்துட்டு அத எடுத்துட்டுப் போங்க மிஸ்" என்றார் நானா.

பாஸ் சிரிக்கவில்லை. உண்மையான கியர்பாக்ஸில், எஞ்சினோடு சேருகிற இடத்தில், கையை விரித்து வைத்தார். பிறகு அதே கையை உருவத்தில் வைத்தார். உருவத்தின் அகலம் அந்தக் கைக்குள் தாராளமாக அடங்கியது. உண்மையானது அடங்கவில்லை.

"மிஸ், இதோட தோள் அகலம். உருவத்துல தோளே இல்ல."

எல்லோரும் மணவறைக்காரரைப் பார்த்தோம். அவர் குனிந்து இரண்டையும் பார்த்தார்.

"படத்துல அந்த எடம் புடைச்சுத் தெரிஞ்சிச்சும்மா. கேமராவக் கிட்டப் பிடிச்சா அப்படித் தெரியும்னு நெனச்சேன். நீட்டா ஒரு சாமான் செஞ்சா ஒரு எடத்துல கழுத்து ஒடுங்கணும், இல்லன்னா பார்வைக்கு மொத்தமா நிக்கும். தூணெல்லாம் அப்படித்தானே செய்வோம்." சொல்லச் சொல்ல அவருடைய குரல் இறங்கியது. "கை அதுவாச் செஞ்சிடுச்சும்மா."

எனக்கு வந்த கோபத்துக்கு அங்கேயே இரண்டு வார்த்தை சொல்லியிருப்பேன். நடுவில் எப்படி என்று அவர் கேட்டதும், நான் அவசரத்தில் சொன்ன பதிலும் அந்த நேரம் பார்த்து நினைவுக்கு வந்து வாயை அடைத்தன. அளந்தவள் நான். அகலம் என்று ஒரே ஓர் எண்ணை எழுதிக் கொடுத்தவளும் நான்.

"என்ன செய்யலாம்?" என்று பாஸைக் கேட்டேன்.

"நடு மேட்ட வெட்டி அகலமாக்கணும். தகடு வச்சு வெல்ட் பண்ணிடுவேன், மேல கார்ப்பெட் வந்தா ஒண்ணும் தெரியாது. ஆனா வெட்டினா வெட்டினதுதான் மிஸ். நாளைக்குப் பழைய எஞ்சினத் திருப்பி வச்சாலும் அது பழைய கார் இல்ல." கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தாழ்த்தினார். "சாருக்குச் சொல்லாமலே வெட்டிடவா?"

நானாவிடம் திங்கட்கிழமை வரைக்கும் தவணை கேட்டுக்கொண்டு புறப்பட்டேன். காலி வீதியில் வாகனங்கள் நகராமல் நின்றன, எனக்கு யோசிக்க நிறைய நேரம் கிடைத்தது. பாஸ் சொன்னது எனக்கு ஆசையாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. கார்ப்பெட் மூடிவிடும். அவருக்குத் தெரியவே வராது. இவ்வளவு தூரம் கொண்டுவந்த மனுசனிடம் போய், இடம் காணாது என்று நீங்கள் சொன்னது சரி என்று நானே சொல்வதா? அந்த ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டு திரும்பவும் பால்கனிக்குப் போய்விடுவார். ஆனால் அவருடைய காரை அவருக்குத் தெரியாமல் வெட்டினால், அதற்குப் பிறகு பக்கத்து ஆசனத்தில் நான் என்ன முகத்தோடு இருப்பது? வெள்ளவத்தைக்கு வந்து சேர்ந்தபோது சொல்லிவிடுவது என்று முடிவெடுத்திருந்தேன்.

தேத்தண்ணியைக் கொடுத்துவிட்டு, எதிரே இருந்து, எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னேன். தூணுக்குக் கழுத்து ஒடுங்கவேண்டும் என்ற இடம் வந்ததும் அவர் சிரிக்கத் தொடங்கினார். தேத்தண்ணி சட்டையில் சிந்தும் வரைக்கும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சிரித்து முடித்தபின் என்ன சொல்வார் என்பதை நினைத்துக்கொண்டிருந்தேன்.

"எவ்வளவு வெட்டவேணும்?"

"ரெண்டு பக்கமும் மூண்டு விரல்."

கோப்பையை மேசையில் வைத்தார். ஒரு ரயில் போனது. அதை அவர் பார்க்கவில்லை.

"வெட்டச் சொல்லும்."

நான் எதிர்பார்க்கவில்லை. சந்தோஷப்பட வேண்டிய இடத்தில் மடச்சி மாதிரி வாதாடினேன். "இஞ்சருங்கோ, அவசரப்படாதேங்கோ. வெட்டினால் பிறகு பழையபடி வராதாம். யோசிச்சுச் சொல்லுங்கோ."

"யோசிச்சு யோசிச்சுத்தானே ஒண்டரை வருசம் போனது." அவர் தன்னுடைய இடது முழங்காலைக் கையால் தேய்த்தார். "எனக்குப் பயம். இந்தக் கால் எனக்குச் சொல்லாமல் ஏதும் செய்து போடும் எண்டு பயம். ஆரையும் இடிச்சுப் போடுவன், உம்மையும் பக்கத்தில வச்சுக்கொண்டு. காரை நான் சும்மா சாட்டினனான்."

"எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சுகொண்டே பேசாமல் இருந்தனீர்?"

"எங்க பேசாமல் இருந்தனான்? கொழும்பு முழுக்க எஞ்சின் தேடியெல்லோ திரிஞ்சனான்."

அவர் என்னைப் பார்த்தார். "அண்டைக்கு அந்த ஒழுங்கையில" என்று தொடங்கி, சொல்ல வந்ததை முடிக்காமல், கையை மட்டும் இடது பக்கம் மெல்லத் திருப்பிக் காட்டினார், ஸ்டியரிங்கைத் திருப்புகிற மாதிரி. எனக்கு அது போதும்.

திங்கட்கிழமை எஞ்சினை வாங்கினோம். செவ்வாய்க்கிழமை காலை கராஜுக்குப் போனோம். ஆசனங்களைக் கழற்றி, கார்ப்பெட்டை உரித்து, நடுமேட்டில் இரண்டு பக்கமும் கோடு கீறி வைத்திருந்தார் பாஸ். மணவறைக்காரரும் வந்து ஒரு மூலையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார், சாவீட்டுக்கு வந்தவர் மாதிரி. பாஸ் கிரைண்டரைக் கையில் எடுத்தார், போடவில்லை. இருபது வருடமாகத் தடவித் தடவிப் பார்த்த கார் அவருக்கும்.

"சார், நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க."

"வெட்டும்" என்றார் என் கணவர்.

இனி எஞ்சினைப் பூட்ட இரண்டு மாதம் ஆகுமாம். பிறகு நம்பர் மாற்றவேண்டும், பிறகு ஓடிப் பார்க்கவேண்டும். அவர் உண்மையில் ஓட்டுவாரா, எவ்வளவு தூரம் ஓட்டுவார் என்று எனக்கு இன்னும் தெரியாது. ஆனால் அந்தச் சத்தம் தொடங்கி, தீப்பொறி பறந்து, அவர் ஒரு அடியும் பின்வாங்காமல் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அவர் திரும்பிப் பார்த்தார்.

"ஏன் அழுறீர்? உம்மட காரே?" என்று சத்தத்துக்கு மேலால் கத்தினார்.

"இல்லை, என்ர மனுசன்" என்றேன். கிரைண்டர் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. என்ன, என்ன என்று காதைக் கிட்டக் கொண்டுவந்தார். இரண்டாம் முறை சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.